யார் யாருக்குக் கடன்?

"கை நீட்டி வாங்கிய முன்பணத்தைக் கழித்துவிட்டுப் போகட்டும், நாங்களா கட்டிப் போட்டிருக்கிறோம்?" என்று கேட்கிறார்கள் செங்கல் சூளை முதலாளிகளும் அரிசி ஆலை முதலாளிகளும். பதில் சொல்கிறோம், கேட்கட்டும்!

முன்பணம் வாங்குபவர் ஒருவர். உழைப்பதோ குடும்பம் முழுவதும். புருஷன் மண் குழைக்கிறான். மனைவி கல் அறுக்கிறாள். பள்ளிக்குப் போகவேண்டிய பிள்ளை பச்சைக்கல்லைப் புரட்டிப் போடுகிறது. வாரச் செலவுக்குக் கொடுப்பதும் கடனில் ஏறுகிறது. மழையில் கல் கரைந்தால் நஷ்டம் தொழிலாளி தலையில். கணக்கு நோட்டோ முதலாளி பெட்டியில்! சாவு வீட்டுக்குப் போக வேண்டுமென்றால்கூட, பெண்டு பிள்ளைகளைப் பிணையாக நிறுத்திவிட்டுப் போக வேண்டும். இதற்குப் பெயர் கடனா? மனிதனை வாங்கிய கிரயம்!

சட்டம் என்ன சொல்கிறது? 1976-ம் ஆண்டுக் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் இத்தகைய கடன் அத்தனையையும் ரத்து செய்துவிட்டது. திருப்பிக் கேட்க எவனுக்கும் உரிமை கிடையாது. கொத்தடிமையாக வைத்து வேலை வாங்கினால் 3 ஆண்டு வரை சிறை. இது கொத்தடிமைக் கடன் அல்ல என்று நிரூபிக்கவேண்டியவனும் கடன் கொடுத்தவனே. குறைந்தபட்சக் கூலிக்குக் குறைத்துக் கொடுத்து வேலை வாங்குவதே கட்டாய உழைப்புத்தான் என்று 1982-ல் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது. அப்படியானால், குடும்பத்தின் உழைப்புக்குக் கொடுக்காமல் விழுங்கிய கூலியையெல்லாம் கூட்டிப் பார்க்கட்டும்! யார் யாருக்குக் கடன்?

சட்டம் இருந்தும் சங்கிலி ஏன் அறவில்லை? 2030-க்குள் 1 கோடியே 84 லட்சம் பேரை விடுவிப்போம் என்று 2016-ல் மத்திய சர்க்கார் முழங்கியது. ஆனால் 1978 முதல் 2023 வரை விடுவிக்கப்பட்டவர்கள், சர்க்கார் கணக்குப்படியே சுமார் 3 லட்சம் பேர்தான்! முதலாளியின் ஜீப்பில் வந்து விசாரிக்கும் அதிகாரி கண்ணுக்குக் கொத்தடிமை எப்படித் தெரிவான்?

தோழர்களே! கீழத்தஞ்சையில் பண்ணையாளுக்குச் சவுக்கடியும் சாணிப்பாலும் எப்படி ஒழிந்தன? மிராசுதாரர்களின் மனம் இளகியா? இல்லை! 1940-களில் தோழர் சீனிவாச ராவ் போன்றோர் சேரி சேரியாகச் சென்று செங்கொடிச் சங்கம் கட்டினார்கள். பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது 1952-ல். சங்கம் முன்னால் வந்தது. சட்டம் பின்னால் வந்தது!

வேலையில்லாத மாதங்களில் அடுப்பு எரியாததால்தான் ஏழை முன்பணத்துக்குக் கை நீட்டுகிறான். ஆகவே நாம் கோருகிறோம்: அந்த மாதங்களில் வேலை கொடு! கூட்டுறவுச் சங்கத்தில் வட்டியில்லாக் கடன் கொடு! குறைந்தபட்சக் கூலியைக் கறாராக அமல்படுத்து! மீட்கப்பட்டவருக்கு விடுதலைச் சான்றும் மறுவாழ்வுத் தொகையும் இழுத்தடிக்காமல் கொடு!

ஆலைத் தோழர்களே, விவசாயத் தொழிலாளர்களே! உங்கள் ஊரிலிருந்து மேஸ்திரியோடு போன குடும்பம் திரும்பி வந்ததா? விசாரியுங்கள். வராவிட்டால் சங்கத்தில் சொல்லுங்கள். கலெக்டர் ஆபீசுக்கு ஒன்றாய்த் திரண்டு செல்வோம். தனி ஆளாய்ப் போனால் மனு குப்பைக்குப் போகும். கூட்டமாய்ப் போனால் சூளையின் கதவு திறக்கும்!