காட்டுக்குள் ஒரு சாப்பாட்டுப் பெட்டி

இம்மாதம் ஒரு விளையாட்டைப் பற்றி எழுதுகிறேன். நுண்கடன், வாழ்வாதாரம், குடும்ப வன்முறை என்றே மாதாமாதம் எழுதுகிறீர்களே, பெண்கள் சிரிப்பதற்கும் ஏதாவது எழுதக்கூடாதா என்று வாசகி ஒருவர் கேட்டிருந்தார். நியாயமான கேள்விதான்.

விளையாட்டின் பெயர் ஜியோகேஷிங். ஒருவர் சிறு பெட்டியொன்றைப் பொது இடத்தில் ஒளித்து வைக்கிறார். அந்த இடத்தின் அகலக்கோட்டு, நெடுங்கோட்டு எண்களை இணையத்தில் வெளியிடுகிறார். மற்றவர்கள் அந்த எண்களைக் கைத்தொலைபேசியில் போட்டுக்கொண்டு நடந்து போய்த் தேடுகிறார்கள். கண்டுபிடித்தால், உள்ளே இருக்கும் சிறு கொப்பியில் பெயரையும் திகதியையும் எழுதிவிட்டு, பெட்டியை இருந்தபடியே வைத்துவிட்டு வருகிறார்கள். பரிசு இல்லை, முதலாமிடம் இல்லை. இன்று உலகம் முழுவதும் இப்படி 30 இலட்சத்துக்கும் அதிகமான பெட்டிகள் ஒளிந்திருக்கின்றன.

இதன் பிறப்புக்கு ஒரு நாள் உண்டு. வழிகாட்டும் செய்மதிகளை அமெரிக்க இராணுவம் தன் தேவைக்காகவே ஏவியது. பொதுமக்களுக்குக் கிடைத்த சமிக்ஞையில் வேண்டுமென்றே பிழை கலந்திருந்தார்கள். நீங்கள் நிற்கும் இடத்தை 100 மீற்றர் வரை தள்ளிக் காட்டும். 2000ஆம் ஆண்டு மே மாதத் தொடக்கத்தில் ஜனாதிபதி பில் கிளின்டனின் உத்தரவின்படி அந்தப் பிழை நீக்கப்பட்டது. ஒரே இரவில் கருவிகள் பத்து, இருபது மீற்றருக்குள் சரியாகக் காட்டத் தொடங்கின. மே 3ஆம் திகதி டேவ் உல்மர் என்ற கணினித் துறைக்காரர் இதைச் சோதித்துப் பார்க்க, ஒரிகன் மாநிலத்தின் பீவர்கிறீக் என்ற இடத்தில் காட்டோரமாக ஒரு கறுப்பு வாளியை ஒளித்து வைத்தார். உள்ளே ஒரு கொப்பி, பென்சில், புத்தகங்கள், ஒரு கவண், ஒரு தகரப் பேணி அவரை விதை! எண்களை இணையத்தில் போட்ட சில நாட்களுக்குள் இருவர் தேடிக் கண்டுபிடித்துவிட்டார்கள். அந்த அவரைப் பேணியை இன்றும் விளையாட்டுக்காரர்கள் பொக்கிஷமாகக் காத்து வருகிறார்கள் என்றால் பாருங்கள்.

இதற்கு ஒரு பாட்டியும் உண்டு. இங்கிலாந்தின் டார்ட்மூர் மேட்டுநிலத்தில் 1854இல் ஜேம்ஸ் பெரட் என்ற வழிகாட்டி, கிரான்மியர் குளத்தருகே ஒரு போத்தலை வைத்தார். அவ்வளவு தூரம் நடந்து வந்தவர்கள் தங்கள் பெயரட்டையை அதற்குள் போட்டுவிட்டுப் போனார்கள். செய்மதி இல்லாத காலத்து ஜியோகேஷிங் அது.

நான் இதைப் பார்த்தது லீட்ஸ் நகரில், அக்கா வீட்டில் சில வாரங்கள் தங்கியிருந்தபோது. அக்கா முதியோர் இல்லமொன்றில் இரவு வேலை செய்பவர். பிள்ளைகள் பல்கலைக்கழகம் போன பிறகு தனக்கென்று அவர் தேடிக்கொண்ட ஒரே பொழுதுபோக்கு இதுதான். சனிக்கிழமை காலையில் சப்பாத்தைக் கட்டிக்கொண்டு புறப்பட்டு விடுவார். அவருடைய பையில் தண்ணீர்ப் போத்தல், மழை அங்கி, கையுறை, சிறிய ரோர்ச், தொலைபேசிக்கு ஒரு மேலதிக மின்கலம், இரண்டு பேனா இருந்தன. பேனா ஏன் இரண்டு என்று கேட்டேன். "மூண்டு மைல் நடந்து போய்ப் பெட்டியைக் கண்டுபிடிச்சிட்டுப் பேனா எழுதாட்டி, அப்ப தெரியும் உனக்கு" என்றார்.

தொலைபேசி பெட்டிவரை கொண்டுபோய் விடும் என்று நினைக்காதீர்கள். தலைக்கு மேலே ஏறத்தாழ 20,200 கிலோமீற்றர் உயரத்தில் சுற்றும் செய்மதிகளில் குறைந்தது நான்கின் சமிக்ஞை கிடைத்தால்தான் இடம் தெரியும். மரங்கள் அடர்ந்த இடத்தில் சமிக்ஞை சிதறும். கடைசிப் பத்து மீற்றருக்குக் கண்ணும் கையும்தான் கருவி. மர வேர், கல் இடுக்கு, வேலித் தூண் எல்லாவற்றையும் துழாவ வேண்டும். ஒவ்வொரு பெட்டிக்கும் இரண்டு அளவுகள் கொடுத்திருப்பார்கள்: கண்டுபிடிப்பது எவ்வளவு கடினம், பாதை எவ்வளவு கடினம் என்று. இரண்டும் 1 முதல் 5 வரை. பாதை 1 என்றால் சக்கர நாற்காலியிலும் போகலாம் என்று பொருள். இந்த ஒரு விடயத்துக்காகவே இந்த விளையாட்டை எனக்குப் பிடித்துப் போயிற்று. அளவைப் பொருட்படுத்தாதவர்களுக்கு ஆபத்தும் உண்டு. 2018இல் பிராக் நகரில் நிலத்தடி வடிகாலுக்குள் தேடப் போனவர்கள் திடீர் மழைவெள்ளத்தில் அள்ளுண்டு, உயிரிழப்பும் நேர்ந்தது.

விதிகள் அதிகமில்லை. பெட்டியை மண்ணில் புதைக்கக் கூடாது. காணிக்காரரின் அனுமதி வேண்டும். ஒரு பெட்டிக்கும் அடுத்ததற்கும் 161 மீற்றராவது இடைவெளி வேண்டும். உள்ளே இருக்கும் சிறு பொருளை எடுத்தால் அதே பெறுமதியுள்ள இன்னொன்றை வைக்க வேண்டும். உணவு, மது, ஆயுதம் ஆகாது. (அந்த அவரைப் பேணி இன்று என்றால் விதிமீறல்!) போகும் வழியில் கிடக்கும் குப்பையைப் பொறுக்கி வருவது வழக்கம். எங்கள் கடற்கரைகளுக்கு இந்த ஒன்றையாவது இறக்குமதி செய்யலாம்.

விளையாட்டை அறியாதவர்கள் பார்க்கும்போது எடுக்கக் கூடாது என்பதும் ஒரு வழக்கம். அப்படிப்பட்டவர்களை ஹரி பொட்டர் கதையிலிருந்து எடுத்து 'மகிள்' என்று அழைக்கிறார்கள். நாங்கள் ஒரு கால்வாய்க் கரையில் குனிந்து நின்றபோது நாயுடன் வந்த முதியவர் என்ன தொலைத்தீர்கள் என்று கேட்டார். தோடு என்றார் அக்கா. பாவம், அவரும் பத்து நிமிடம் எங்களோடு சேர்ந்து தோடு தேடினார். அவர் போன பிறகு இருவரும் விழுந்து விழுந்து சிரித்தோம். அக்கா அப்படிச் சிரித்து நான் பார்த்துப் பல வருடங்கள்.

சமூகவியல் படித்த காலத்தில் 'பொதுவெளி' என்ற சொல்லைப் பரீட்சைக்காகப் பாடமாக்கினேன். வேலை, சந்தை, கோயில், ஆஸ்பத்திரி, பிள்ளையின் பள்ளிக்கூடம் என்று காரணம் சொல்லித்தான் எங்கள் பெண்கள் வீதியில் நடக்கிறார்கள். காரணமில்லாமல் நடக்கும் பெண்ணை ஊர் கவனிக்கும். ஆண்கள் சந்தியில் நிற்பதற்கு யாரும் காரணம் கேட்பதில்லை. இந்த விளையாட்டு பெண்ணுக்கு ஒரு காரணத்தைக் கொடுக்கிறது. அற்பமான காரணம்தான். ஆனால் அது யாருக்கும் சேவை செய்யாத, அவளுக்கே உரிய காரணம்.

இனி மற்றப் பக்கம். அன்று ஒரு மரப்பொந்தை அக்கா காட்டி, கையை விட்டு எடு என்றார். எனது கை நீளவில்லை. நான் வன்னியில் படித்தவள். தெரியாத பொருளைத் தொடாதே, தூக்காதே, பெரியவர்களிடம் வந்து சொல் என்று வகுப்பறைச் சுவரில் படத்துடன் பார்த்து வளர்ந்தவள். பின்னர் அதையே கிராமம் கிராமமாகப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தவள். அக்காவே எடுத்துத் திறந்து காட்டினார். பச்சை நிறச் சாப்பாட்டுப் பெட்டி. உள்ளே ஒரு பிளாஸ்ரிக் குதிரை, இரண்டு பொத்தான், ஈரமான கொப்பி.

இந்தப் பயம் எங்களுக்கு மட்டும் உரியதல்ல. லீட்ஸுக்கு அருகே வெதர்பி என்ற சிறு நகரில் 2011இல் தேநீர்க் கடையொன்றின் வெளியே ஒளித்து வைக்கப்பட்ட இத்தகைய பெட்டியைக் குண்டு என்று சந்தேகித்து, வீதியை மூடி, இராணுவத்தின் குண்டு அகற்றும் பிரிவினர் வந்து வெடிக்க வைத்தார்கள். பெட்டியின் வெளிப்புறத்திலேயே இது விளையாட்டுப் பெட்டி என்று எழுதி வைக்கும்படி விளையாட்டுக்காரர்களிடம் சொல்லப்படுவது இதனால்தான்.

எழுதி வைத்தாலும் எங்கள் பகுதிக்கு அது போதாது என்பதே என் அபிப்பிராயம். யுத்தம் 2009இல் முடிந்தது. கண்ணிவெடி அகற்றும் பணி இன்னும் முற்றாக முடியவில்லை. அந்தப் பணியில் வடக்கின் பெண்கள் ஏராளமானோர் முழங்காலில் இருந்து அங்குலம் அங்குலமாக நிலத்தைத் துழாவுகிறார்கள். அபாய நிலத்தின் எல்லையைக் குறிப்பதும் இதே செய்மதிகளின் உதவியால்தான். அங்கே பற்றைக்குள் பெட்டி வைத்துப் பிள்ளைகளைத் தேடவிடுவது, நாம் இத்தனை வருடம் சொல்லிக் கொடுத்ததைக் கலைப்பதாகும். ஏப்ரல் 2019க்குப் பிறகு கோயிலடியிலும் பஸ் நிலையத்திலும் வைப்பதும் அப்படியே. வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வரும் உறவுப் பிள்ளைகளுக்கும் இதைச் சொல்லி வையுங்கள்.

ஆனால் பெட்டி இல்லாமலும் இதை விளையாடலாம். அமெரிக்கப் புவிச்சரிதவியல் சங்கத்தின் துணையுடன் 2004இல் தொடங்கிய 'ஏர்த்கேஷ்' என்ற வகையில் எதையும் ஒளிப்பதில்லை. குறித்த இடத்துக்குப் போய், அங்குள்ள பாறையையோ மண்ணையோ நீரூற்றையோ பார்த்துச் சில கேள்விகளுக்கு விடை எழுத வேண்டும்.

இதைத் தழுவி எமது மாதர் சங்கமொன்றில் செய்து பார்த்தோம். ஊரவர் நாளாந்தம் நடக்கும் பாதைகளில் மட்டும் ஐந்து இடங்களைத் தெரிவுசெய்து எண்களைக் கொடுத்தோம். இருவர் இருவராகத்தான் போக வேண்டும், போகும் பாதையை வீட்டில் சொல்லிவிட்டுப் போக வேண்டும், ஐந்து மணிக்குள் திரும்ப வேண்டும். இணையக் கட்டணம் வருமே என்று தயங்கினார்கள். வீட்டிலேயே வரைபடத்தைத் தரவிறக்கி வைத்தால் வெளியில் டேட்டா தேவையில்லை. செய்மதிச் சமிக்ஞைக்குக் காசு இல்லை. அரசமரத்தடிக் கிணற்றுக்கு எத்தனை படி, புளியமரத்தைக் கட்டிப்பிடிக்க எத்தனை பேர் வேண்டும், குளத்தின் துருசில் பொறித்த ஆண்டு என்ன என்பன போன்ற கேள்விகள். கடைசிக் கேள்விக்கு ஒரு சோடி 1953 என்றும் இன்னொரு சோடி 1958 என்றும் எழுதி வந்தார்கள். பாசி மூடிய அந்த எழுத்தைத் தேய்த்துப் பார்த்து முடிவுசெய்ய அடுத்த சனிக்கிழமை பதினொரு பேரும், தும்புத்தடியும் வாளியுமாகக் குளக்கட்டுக்குப் போவதாக இருக்கிறார்கள்.