இரண்டு கணக்கில் ஒரு மாப்பிள்ளை, ஒரு கணக்கிலும் இல்லாத ஓர் உம்மா



போன வெள்ளத்தில் நிவாரணம் பகிர்ந்தபோது ஊரில் நடந்தது எல்லோருக்கும் தெரியும். ஒரு தம்பியின் பெயர் உம்மா வீட்டுக் கணக்கிலும் இருந்தது, கலியாணம் முடித்துப் போன வீட்டுக் கணக்கிலும் இருந்தது. மகளின் வளவுக்குள் தனி அடுப்பு வைத்திருக்கும் ஒரு விதவைத் தாய் எதிலும் இல்லை. நிருவாகிகளைத் திட்டித் தீர்த்தோம். அவர்கள் களவெடுக்கவில்லை. கையில் இருந்தது ஓர் எக்செல் தாள். 'குடும்பத் தலைவர்' என்று ஒரு நிரல். மற்றவர்கள் எல்லோரும் ஒரே கட்டத்துக்குள், காற்புள்ளி போட்டு.

குற்றம் படிப்பிக்கும் எங்களிடம்தான். உயர்தரத்தில் தகவல் தொழினுட்பம் எடுக்கும் பிள்ளையிடம் தரவுத்தளம் பற்றிக் கேளுங்கள். நோர்மலைசேஷனை மூன்றாம் படி வரை மூச்சு விடாமல் ஒப்புவிக்கும். மாணவன், பாடம், ஆசிரியர் என்ற அதே பழைய உதாரணத்தை அட்டவணைகளாகப் பிரித்தும் காட்டும். மஹல்லாப் பட்டியலைக் கொடுத்தால் திகைத்து நிற்கும். நம் பக்கம் மாப்பிள்ளை பெண் வீட்டுக்குப் போகிறார். ஆள் வேறு, வீடு வேறு, அந்த ஆள் அந்த வீட்டில் எப்போதிலிருந்து இருக்கிறார் என்பது வேறு. மூன்றுக்கும் மூன்று அட்டவணை வேண்டும். தனி அடுப்பு இருந்தால் அதுவும் ஒரு குடும்பம் என்று முதலிலேயே முடிவெடுக்க வேண்டும். இதை எந்தப் பாஸ்ட் பேப்பர் கேட்கும்?

"அடையாள அட்டை இலக்கத்தைச் சாவியாக வைத்தால் முடிந்ததே" என்கிறார்கள். சின்னப் பிள்ளைக்கு அட்டை ஏது? பழைய அட்டையில் 9 இலக்கமும் ஓர் ஆங்கில எழுத்தும். 2016க்குப் பிந்திய அட்டையில் 12 இலக்கம். அட்டை மாற்றிய ஒருவர் பட்டியலில் இரண்டு பேராகிவிடுவார். பெயரை நம்பலாமென்றால் முஹம்மது, முகமட், மொஹமட். ஆகவே ஆளுக்கொரு மாறாத இலக்கத்தை நாமே கொடுக்க வேண்டும். அட்டை இலக்கம் பக்கத்தில் ஒரு விபரமாக இருக்கட்டும்.

"அதெல்லாம் பெரிய கம்பனி வேலை, பிள்ளைக்கு ஒரு சேர்ட்டிபிக்கட் கிடைத்தால் போதும்" என்று சொல்லும் பெற்றோருக்கு ஒன்று. 2004 டிசம்பர் 26க்குப் பிறகு கிண்ணியாவிலும் மூதூரிலும் மக்கள் உறவுகளைத் தேடி அலைந்த நாட்களில், இந்த நாட்டு மென்பொருள் இளைஞர்கள் தொண்டாக எழுதியதுதான் 'சஹானா'. காணாமற்போனோர், முகாம்கள், உதவி நிறுவனங்கள், வந்த கோரிக்கைகள் என்று தனித்தனிப் பதிவேடுகள். 2005இல் பாகிஸ்தான் நிலநடுக்கத்திலும் 2010இல் ஹெய்ட்டியிலும் அதைப் பாவித்தார்கள். நம் துயரத்தில் பிறந்த வேலை அது. நம் பிள்ளைகளில் எத்தனை பேர் அதன் பெயரைக் கேட்டிருக்கிறார்கள்?

நிருவாக சபையிடம் கேட்பது இதுதான்: அந்தத் தாளை எங்கள் வகுப்புக்குத் தாருங்கள். பெயரையும் தொலைபேசி இலக்கத்தையும் அட்டை இலக்கத்தையும் அழித்துவிட்டே தாருங்கள், ஊரார் வறுமை பிள்ளைகளின் வாயில் அடிபட வேண்டாம். ஒரு தவணைக்குள் பிரித்துக் கோத்துத் தருகிறோம், இன்ஷா அல்லாஹ். அடுத்த மாரி வருவதற்குள் அந்த உம்மாவின் அடுப்புக்கு ஒரு நிரை இருக்க வேண்டும்.