ஒலி மாய்ந்த எழுத்துகள்

ஆங்கிலம் பயிலும் நம் பிள்ளைகளைப் பெரிதும் அலைக்கழிப்பன, ஒலியால் ஒன்றாகவும் எழுத்தால் வேறாகவும் நிற்கும் சொற்களே. சொல்வதெழுதும் வேளையில் ஆசிரியர் 'நைட்டு' என்கிறார். இரவைக் குறிக்கும் சொல்லா, குதிரை மறவனைக் குறிக்கும் சொல்லா என்பது பிள்ளைக்கு எங்ஙனம் விளங்கும்? 'ரைட்டு' என்னும் ஓரொலிக்கோ நான்கு சொற்கள் உள. சரியானது என்பது ஒன்று. எழுது என்பது ஒன்று. சமய வினை என்பது ஒன்று. கப்பல் முதலியன செய்யும் கம்மியன் என்பது மற்றொன்று. நான்கிற்கும் எழுத்து வேறு வேறு. ஒன்றிருக்க வேண்டிய இடத்தில் ஒன்றை எழுதிய பிள்ளை 'மடையன்' என்று பெயர் பெறுகிறான், அடியும் வாங்குகிறான்.

இதனைக் கண்டு நம்மவருள் ஒரு சாரார் நகைப்பர்: "எழுதுவதொன்று, படிப்பதொன்று, இதுவும் ஒரு மொழியா?" என்பர். இன்னொரு சாரார், ஆங்கிலத்தின் நுட்பமே இதுதான் என வாய் பிளந்து நிற்பர். நகைப்பும் வியப்பும் ஆகிய இரண்டும் அறியாமையின் பாற்பட்டனவே. கரணியம் காண்பதே கற்றார்க்கு அழகு.

ஒரு சொல் பல பொருள் தருதல் எம்மொழிக்கும் இயல்பு. தமிழில் 'திங்கள்' நிலவையும் மாதத்தையும் ஒரு கிழமையையும் குறிக்கவில்லையா? 'படி', 'ஆறு', 'மாலை' என்பனவும் அத்தகையனவே. அது குறையன்று, இடம் நோக்கிப் பொருள் கொள்க என்று விட்டுவிடலாம். ஆனால் 'நைட்டு' அத்தகையதன்று. அது முன்னாளில் வெவ்வேறாக ஒலித்த இரு சொற்கள் பிற்றைநாளில் ஒலியில் ஒன்றிப்போனதால் விளைந்தது.

மறவனைக் குறிக்கும் சொல்லின் முதற்கண் இன்று வாளா எழுதப்படும் ககரம், முற்காலத்தில் தெளிவாக ஒலித்தது. இரு சொற்களின் நடுவிலும் தொண்டையில் உரசி எழும் ஓரொலியும் இருந்தது. அதே வேரில் பிறந்த செருமானியச் சொல்லை அந்நாட்டார் இன்றும் ககரத்தோடு 'க்னெக்ட்டு' என்றே பலுக்குகின்றனர். ஆங்கிலர் நாவோ 17ஆம் நூற்றாண்டையொட்டி அக் ககரத்தைக் கைவிட்டது. ஊனைக் குறிக்கும் 'மீட்டு', எதிர்ப்படுதலைக் குறிக்கும் 'மீட்டு' என்பனவும் முன்பு வெவ்வேறு உயிரொலி உடையனவே. 15ஆம் நூற்றாண்டு முதல் 18ஆம் நூற்றாண்டு வரை ஆங்கில நெட்டுயிர்கள் தத்தம் இடம்விட்டுப் பெயர்ந்தன. அப்பெயர்ச்சியில் அவ்விரண்டும் ஒன்றாயின.

ஒலி இங்ஙனம் ஓடிக்கொண்டிருக்க, எழுத்து நின்றுவிட்டது. வில்லியம் காக்சுடன் 1476இல் இங்கிலாந்தில் அச்சகம் நிறுவினார். அச்சு பெருகப் பெருக எழுத்துமுறை இறுகியது. சாமுவேல் சான்சனின் அகரமுதலி 1755இல் வெளிவந்தபோது அது பெரும்பாலும் உறுதிப்பட்டுவிட்டது. ஆகவே, இன்றைய ஆங்கில எழுத்து பழைய ஒலிகளின் நடுகல். கல் நிற்கிறது, ஆள் இல்லை.

போன ஒலியை மீட்கவும் இயலவில்லை. நின்ற எழுத்தை மாற்றவும் இயலவில்லை. நாடகப் பேராசிரியர் பெர்னார்டு சா, ஒலிக்கேற்ற புதிய எழுத்து வகுப்பதற்கென்றே தம் இறுதி ஆவணத்தில் பொருள் ஒதுக்கி, 1950இல் மறைந்தார். அவ்வெழுத்தும் ஆக்கப்பட்டது, 1962இல் அவர் நாடகம் ஒன்று அதில் அச்சாயிற்று. உலகம் அதனைக் கைக்கொள்ளவில்லை.

அன்பர்களே, இதில் நமக்கென்ன என்று கேட்பீராயின், நம் வீட்டுக்குள் சற்றே செவி கொடுமின். 'மரம்', 'மறம்', 'கரி', 'கறி', 'அரை', 'அறை' - இவற்றை வேறுபடுத்திப் பலுக்குவோர் நம்முள் எத்துணைப் பேர்? 'வாழை'யை 'வாளை' என்றால் கனி மீனாகிறது; 'கிழி'யைக் 'கிளி' என்றால் செயல் பறவையாகிறது. 'மனமும் மணமும்' ஒன்றாகவே பலர் வாயில் வருகின்றன. மேடையிலும் தொலைக்காட்சியிலும் திரைப்பாட்டிலும் ழகரம் படும் பாட்டை நாடோறும் கேட்கிறோம். ஆங்கிலத்திற்கு அன்று நேர்ந்தது இன்று நம் நாவிலேயே நேர்ந்துகொண்டிருக்கிறது. நாம் எழுத்துப் பிழை என எண்ணித் திருத்துவனவற்றுள் பல உண்மையில் ஒலிப்பிழைகளே. காதில் ஒன்றாக விழுவதைக் கையால் இரண்டாக எழுது என்றால் பிள்ளை என் செய்வான்? ஆங்கிலப் பிள்ளையின் துன்பத்தை நாமே தமிழ்ப் பிள்ளைக்கும் ஆக்கி வைக்கிறோம்.

தொல்காப்பியம் எழுத்ததிகாரத்துள் பிறப்பியல் என்றே ஓர் இயல் உண்டு. நாநுனி மேலெழுந்து அண்ணத்தை ஒற்றினால் றகரம். வருடினால் ரகரம் என்னும் வேறுபாட்டை அது நுட்பமாக வகுத்துள்ளது. இத்துணை நுண்ணிய இலக்கணத்தை நூலில் வைத்துக்கொண்டு நாவில் வையாதிருத்தல் நமக்குப் பெருமையாகாது.

எனவே ஆசிரியர்க்கு ஒரு வேண்டுகோள். ஆங்கில வகுப்பில் ஒத்த ஒலிச்சொல்லைத் தனித்துச் சொல்லி எழுதப் பணியாதீர். தொடரில் வைத்துச் சொல்லுமின். அச்சொல்லின் வரலாற்றையும் இரண்டு வரியில் கூறுமின். தவறு பிள்ளையின் அறிவில் இல்லை. தமிழ் வகுப்பிலோ, எழுதச் சொல்லுமுன் நீவிர் திருந்தப் பலுக்குமின். பிள்ளைகளையும் பலுக்கச் செய்ம்மின். பெற்றோரே, மழலை மாறும் அகவையில் ழகரத்தையும் றகரத்தையும் பிள்ளையின் நாவில் பதியவைப்பது உம் கடன்.

எழுத்தை ஏடு காக்கும். ஒலியை நாவன்றி வேறெதுவும் காவாது.