பொன்முகலிக் கரையில் கண்டெடுத்தவை

திருமலைக்குச் சென்று வருவோர் லட்டுப் பிரசாதத்தைத் தாமே உண்டு தீர்ப்பதில்லை. அண்டை வீட்டாருக்கும் அலுவலக நண்பர்களுக்கும் கிள்ளியேனும் கொடுத்த பின்னரே மனம் நிறைவு கொள்கிறது. நல்ல கலைப் பொருளையும் நல்ல கட்டடத்தையும் நல்ல திரைப்படத்தையும் கண்டவர்கள் அவ்வாறே பகிர்ந்தளிக்க வேண்டும் என்பது நமது கருத்து. நாம் கண்டெடுத்த மூன்றினை இங்கே முன்வைக்கிறோம்.

முதலாவது, திருப்பதியிலிருந்து ஏறத்தாழ 15 கிலோமீட்டர் தொலைவில் உள்ள சந்திரகிரிக் கோட்டை. விஜயநகரப் பேரரசின் பிற்காலத் தலைநகரங்களுள் ஒன்றாக விளங்கிய இவ்வூரின் ராஜமகால், கல்லும் செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் கொண்டு எழுப்பப்பட்ட மூன்றடுக்கு மாளிகை. கட்டுமானத்தில் மரம் பயன்படுத்தப்படவில்லை. தளங்களின் பாரத்தைத் தூண்களும் வளைவுகளுமே தாங்குகின்றன. வளைவுகள் இஸ்லாமியக் கட்டடக் கலையை நினைவூட்ட, உச்சியிலுள்ள சிகரங்கள் கோயில் விமானங்களை நினைவூட்டுகின்றன. இன்று இது தொல்லியல் துறையின் அருங்காட்சியகம். 1639-ஆம் ஆண்டில் சென்னைக்கு வித்திட்ட நிலக்கொடையும் இவ்வரண்மனையோடு இணைத்தே பேசப்படுகிறது. ஆண்டுதோறும் ஆகஸ்டு 22-ஆம் நாளைச் சென்னை தினமாகக் கொண்டாடும் நாம், இவ்வூரை ஒருமுறையேனும் காண வேண்டாமா?

இரண்டாவது, சந்திரகிரி வழியே வரும் சுவர்ணமுகி, அதாவது நம் முன்னோர் பொன்முகலி என்றழைத்த ஆறு, சென்று சேரும் காளத்தியில் உள்ளது. அங்கு வரையப்படும் கலம்காரித் துணி புவிசார் குறியீடு பெற்றது. கடுக்காய்ச் சாறும் பாலும் ஏற்றிய பருத்தித் துணியில், மூங்கில் எழுதுகோலால் கோடு கோடாக உருவங்களைத் தீட்டுகின்றனர். இரும்புத் துண்டுகளும் வெல்லமும் ஊறிய நீர் கறுப்பைத் தருகிறது. படிகாரம் சிவப்பைப் பிடித்து நிறுத்துகிறது. ஒவ்வொரு வண்ணத்திற்கும் இடையே அலசலும் உலர்த்தலும் உண்டு. ஆதலால் ஒரு துணி முடியப் பல நாள்கள் ஆகின்றன.

அதே உருவங்களை இயந்திரத்தில் அச்சிட்ட துணி, கலம்காரி என்னும் அதே பெயரில் மிகக் குறைந்த விலைக்குக் கிடைக்கிறது. வேறுபாடு அறியாதவர் கைவினைஞரிடம் பேரம் பேசுகிறார். அவர் கேட்கும் விலை அநியாயம் என்று எண்ணிச் செல்கிறார். அறிந்த ஒருவர் உடனிருந்தால் இது நேராது. அச்சில் ஒரே மலர் அணுவளவும் மாறாமல் திரும்பத் திரும்ப வரும். கையால் வரைந்ததில் இரு மலர்கள் ஒன்றுபோல் இரா. இந்தச் சிறு செய்தி பத்துப் பேரைச் சென்றடைந்தால் ஒரு குடும்பத்தின் உழைப்புக்கு உரிய விலை கிட்டும்.

மூன்றாவது, திரையுலகக் கண்டெடுப்பு. குண்டூர்ப் பகுதியில் பிறந்தும் சித்தூரைத் தம் பெயரில் தாங்கிய சித்தூர் வி. நாகையா, 1941-இல் வெளிவந்த ‘அசோக்குமார்’ தமிழ்ப்படத்தில் எம்.கே. தியாகராஜ பாகவதருடன் நடித்தார். 1946-இல் ‘தியாகய்யா’ என்னும் தெலுங்குப் படத்தைத் தாமே இயக்கி, தலைமை வேடமும் ஏற்றார். இல்லத்து முதியவர்களுடன் அமர்ந்து பார்க்கத் தக்கவை இவை.

பலருக்கும் சொன்னால் கூட்டம் பெருகும், சுவர்களில் பெயர் கிறுக்குவர், இடம் கெடும் என்று அஞ்சுவோரும் உளர். அவ்வச்சம் நியாயமானதே. ஆயினும் அது வெறும் படத்தை மட்டும் அனுப்பும் பகிர்வால் விளைவது. எவர் செய்தது, எவ்வாறு செய்தது, எதைப் பேண வேண்டும் என்பனவற்றையும் சேர்த்துச் சொன்னால் செல்பவர் மதிப்போடு செல்வார். எவரும் பேசாத கலையோ, வாங்குவோரின்றி ஓசையில்லாமல் மறைகிறது.

அடுத்த முறை மலையிறங்கும்போது அரைநாளைச் சந்திரகிரிக்கு ஒதுக்குங்கள். இல்லம் திரும்பி லட்டைப் பங்கிடும் வேளையில், கண்டதையும் நான்கு வார்த்தைகளில் சொல்லுங்கள். உங்கள் ஊரில் நீங்கள் கண்டெடுத்தவற்றை அறியவும் நாம் ஆவலாய் உள்ளோம்.