குரைப்பது நாய், குற்றவாளி யார்?

எமது அயல் வீட்டு நாய் இரவிரவாகக் குரைக்கிறது. முறையிட்டேன். "நாயென்றால் குரைக்கத்தானே செய்யும்" என்றார் உரிமையாளர். நாள் முழுவதும் சங்கிலியில் கட்டுண்ட பிராணி தன் தனிமையையும் அச்சத்தையும் வேறெவ்வாறு சொல்லும்? காவலுக்கு வளர்க்கிறாராம்! எந்நேரமும் குரைக்கும் நாயின் குரலைக் கள்வன் வரும்போது யார் பொருட்படுத்துவர்?

அயலவரின் நித்திரை அற்ப விடயமன்று. இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கிகளுக்கு இலங்கை உயர் நீதிமன்றம் 2007இல் தடை விதித்தது அதற்காகவே. பேசிப் பயனில்லையேல், 1988ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த மத்தியஸ்த சபையை நாடுவோம். நஞ்சு வைக்க எண்ணுவோரே, அது குற்றம், கோழைத்தனமுங்கூட. திருந்த வேண்டியது சங்கிலியின் மறுமுனையைப் பிடித்திருப்பவரே.