ஐம்பதாயிரம் ரூபாய் பைனாகுலர் எனக்கு வேண்டாம்



போன வாரம் துபாயில் இருக்கும் பழைய மாணவன் ஒருவன் போன் செய்தான். "ஸார், தினமும் காலையில குளத்தங்கரைக்குப் பறவை பார்க்கப் போறீங்களாமே. நல்ல பைனாகுலர் ஒண்ணு அனுப்பட்டுமா? ஐம்பதாயிரம் வரைக்கும் போகலாம் ஸார்" என்றான். மனசு நிறைந்துவிட்டது. ஆனாலும் வேண்டாம் என்றேன். காரணத்தை உங்கள் எல்லோருக்கும் சொல்லிவிடுகிறேன். எதை வாங்கலாம் என்று பலரும் கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள்.

முதலில் என் தப்பு. வேலையில் இருந்தபோது, ஒரு மார்கழிக் காலையில் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளைக் குளத்துக்குக் கூட்டிப் போனேன். கையில், சீசன் நேரத்தில் ஒரு தெருவோரக் கடையில் பேரம் பேசி வாங்கிய பைனாகுலர். மேலே பெரிய பெரிய எண், சிவப்பாய் மின்னும் கண்ணாடி. ஒரு பையன் வாங்கிப் பார்த்துவிட்டு, "எல்லாம் ரெண்டு ரெண்டாத் தெரியுது ஸார்" என்றான். "ஒழுங்காப் பாருல" என்று அதட்டினேன். மறுநாள் அவன் அம்மா அவனைக் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார். கண்ணில் ஒரு குறையும் இல்லை. என் பைனாகுலரின் இரண்டு குழாய்களும் ஒரே திசையைப் பார்க்கவில்லை, அவ்வளவுதான். அதன்பின் அந்தப் பையன் குளத்துப் பக்கம் வரவே இல்லை. அது இன்றும் எனக்கு உறுத்தல்தான்.

இனி பாடம். 8×42 என்றால், எட்டு மடங்கு கிட்டத்தில் தெரியும், முன்கண்ணாடியின் அகலம் 42 மில்லிமீட்டர். 80 மீட்டர் தள்ளி நிற்கும் நாரை 10 மீட்டரில் நிற்பதுபோல் தெரியும். "12, 20 மடங்கு இருக்கே ஸார்" என்பீர்கள். மடங்கு கூடினால் கை நடுக்கமும் அதே மடங்கு கூடும், பார்க்கும் பரப்பு சுருங்கும். கிளை விட்டுக் கிளை தாவும் குருவியைத் தேடிப் பிடிப்பதற்குள் அது பறந்துவிடும். 'ஜூம்' என்று விற்பதையும் மலிவு விலையில் தொடாதீர்கள்.

42-ஐ 8-ஆல் வகுத்தால் 5.25. கண்ணுக்கு வந்து சேரும் ஒளிக்கற்றையின் அகலம் இத்தனை மில்லிமீட்டர். சட்டைப்பைக்குள் அடங்கும் 10×25-இல் அது 2.5 தான். வெயிலடிக்கும் குளத்தில் அது போதும். சாரல் மூடிய குற்றாலத்து மரநிழலிலோ, பொழுது சாயும்போது கூப்பிடும் ஆறுமணிக் குருவியைத் தேடும்போதோ போதாது. இருட்டில் இளவயதுக் கண்ணின் பாப்பா 7 மில்லிமீட்டர் வரை விரியும். என் வயதில் 5 விரிந்தாலே பெரிது. ஆகவே 8×42-க்கு மேல் அகலமான கற்றை எனக்கு வீண்.

வாங்கும்போது பெட்டியில் 'பாக்-4' பிரிசம் என்றும், நைட்ரஜன் நிரப்பியது, நீர் புகாதது என்றும் இருக்கிறதா பாருங்கள். நம்மூர் ஈரத்தில் கண்ணாடிக்குள் பூஞ்சை பிடித்துவிடும். மூக்குக்கண்ணாடி போடுகிறவர்கள் 'ஐ ரிலீஃப்' 15 மில்லிமீட்டருக்குக் குறையாமல் வாங்குங்கள். பிறகு காசி விஸ்வநாதர் கோயில் கோபுரக் கலசத்தை நோக்குங்கள். வலக்கண்ணை மூடி நடுச்சக்கரத்தால் இடது பக்கத்தைத் தெளிவாக்குங்கள். அடுத்து இடக்கண்ணை மூடி வலப்பக்க வளையத்தைத் திருகுங்கள். இரு கண்ணும் திறந்தால் கலசம் ஒன்றாய்த் தெரிய வேண்டும். இரண்டாய்த் தெரிந்தாலோ, ஐந்து நிமிடத்தில் தலை வலித்தாலோ திருப்பிக் கொடுத்துவிடுங்கள். சூரியன் பக்கம் மட்டும் திருப்பவே கூடாது.

இந்த லட்சணங்களோடு பத்தாயிரம் ரூபாய்க்குள் கிடைக்கிறது. ஐம்பதாயிரத்தில் வாங்கினால் ஓரம் வரை இன்னும் துல்லியமாய், நிறம் பிசிறாமல் தெரியும். பொய் சொல்ல மாட்டேன், வித்தியாசம் உண்டு. ஆனால் அது எனக்கு ஒருவனுக்கு மட்டும்.

அதனால் அவனிடம் சொன்னேன்: "மக்கா, அந்தக் காசில் ஐந்து 8×42 வாங்கி நம்ம பக்கத்து அரசுப் பள்ளிக்குக் கொடு." தாமிரபரணிப் பாசனக் குளங்களில் 2011 முதல் ஜனவரியில் நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. பொங்கல் நாட்களில் தமிழ்நாடு முழுக்கப் பறவைகளை எண்ணுகிறார்கள். நடுக்குளத்தில் மிதப்பது ஊசிவால் வாத்தா, புள்ளிமூக்கு வாத்தா என்று நம் பிள்ளைகள் சொந்தக் கண்ணால் பார்த்து எழுதட்டும்.

அவன் சம்மதித்துவிட்டான். வந்து சேர்ந்ததும் ஐந்தையும் கோபுரத்தைப் பார்த்து நானே சோதித்துத்தான் பிள்ளைகள் கையில் கொடுப்பேன். எந்தப் பிள்ளையாவது "ரெண்டாத் தெரியுது ஸார்" என்றால், இந்த முறை முதலில் பைனாகுலரைத்தான் சந்தேகப்படுவேன்.

அன்புடன்,
உங்கள் பழைய வாத்தியார், தென்காசி