நோய் நீங்கிய பின்னும் நிற்கும் வலி

புற்றுநோய் நீங்கிற்று என்று மருத்துவர் கூறிய பின்னரும் வலி நீங்காதவர் நம் குடும்பங்களில் உண்டு. அறுவையில் சிதைந்த நரம்பும், கதிர்வீச்சால் இறுகிய தசையும், மருந்தால் மரத்த விரல்களும் ஆண்டுக்கணக்கில் வருத்தும். “குணமாகிவிட்டதே, இன்னும் ஏன் முனகல்?” என்று வீட்டார் கேட்பது அவ்வலியினும் கொடிது.

வலியுற்றவர் தம்மை அறியாமலே மூச்சைப் பிடித்துக்கொள்வர். தோளும் மார்பும் இறுக, வலி மிகும். மெல்ல விடும் மூச்சு அவ்விறுக்கத்தைத் தளர்த்தும். இதயத் துடிப்பைத் தணிக்கும் வேகஸ் நரம்பும் மூச்சை விடும்போதே மிகுதியாக இயங்குகிறது. நாற்காலியில் சாய்ந்தமர்ந்து, மூக்கினால் 4 எண்ணும்வரை இழுத்து, 6 எண்ணும்வரை விடுங்கள். காலையும் மாலையும் 10 நிமிடம் போதும். மூச்சை அடக்க வேண்டாம். தலை சுற்றினால் நிறுத்திவிடுங்கள்.

இத்தாலிய மருத்துவர் பெர்னார்டி 23 பேரைக் கொண்டு செய்த ஆய்வு 2001-இல் வெளிவந்தது. இலத்தீனில் செபமாலை சொன்னபோதும் யோக மந்திரம் ஓதியபோதும் அவர்தம் மூச்சு நிமிடத்திற்கு ஏறத்தாழ 6 ஆகத் தணிந்ததாம். (நம்மவர் சிலர் ஓட்டமாய் ஓதும் செபமாலைக்கு இப்பலன் கிட்டுமோ, ஐயமே!) எனினும், அவர்கள் நலமுள்ளோர், அவ்வாய்வு வலியைப் பற்றியதன்று.

புதுவையில் ஜிப்மர் மருத்துவமனையில் 2008-இல் யோக சிகிச்சை மையம் தொடங்கப்பெற்றது; புற்றுநோய்ப் பிரிவும் அங்கே உண்டு. பயிற்சியை நம்பி மாத்திரையை நிறுத்திவிடலாகாது. புதிய இடத்தில் வலி தோன்றினாலோ, பழைய வலி இரவில் எழுப்பினாலோ, காத்திராமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.